மதில் ஓரத்து வெள்ளைக் குதிரை

அத்தியாயம் 11

சென்ற வாரம் ருசிக்காரரைப் பனிமூட்டத்தில் நிற்க வைத்துவிட்டு நாம் பாட்டுக்கு வந்துவிட்டோம். பாவம் என்று சொல்ல நாக்கு துறுதுறுக்கிறது. ஆனால் அந்தச் சொல்லை அவர் காதுபடச் சொல்லிவிட்டுத் தப்பித்தவர் யாரும் இல்லை. வாயைப் பொத்திக்கொண்டு கதைக்குப் போவோம்.

தேயிலைக் கம்பெனியில் ருசி பார்க்கிற உத்தியோகம் அவருக்கு. நீள மேசையில் கோப்பைகள் வரிசையாக இருக்கும். ஒன்றில் ஓர் உறிஞ்சல், ஒரு துப்பல், அடுத்த கோப்பை. பழைய தூளில் புதுத் தூளைக் கலந்து ஏமாற்றப் பார்த்தால் நாக்கில் பட்டதுமே சொல்லிவிடுவார். கண் பார்வை கொஞ்சம் கொஞ்சமாகப் போனபோதுகூட வேலைக்கு ஒரு கேடும் வரவில்லை. இப்போது அவருக்கு மிஞ்சியிருப்பது வெளிச்சம் மட்டும், அதுவும் பால் கலந்த தண்ணீர் மாதிரி.

பார்வை போனதைவிட அவரை வாட்டியது வேறொன்று. அவரிடம் பேசுகிறவர்களின் குரல் மாறிப்போனது. நேற்றுவரை அவரோடு மல்லுக்கு நின்றவர்கள்கூடத் திடீரென்று காய்ச்சல்காரக் குழந்தையிடம் பேசுவதுபோல இழைந்து பேசினார்கள். பெற்ற மகளும் அப்படித்தான். "நீங்க வேலைக்கெல்லாம் போக வேண்டாம்பா. பாவம்பா நீங்க" என்றாள். அவ்வளவுதான், மனுஷன் குதிகுதியென்று குதித்துவிட்டார். "என்னைப் பார்த்துப் பரிதாபப்படறவங்களுக்கு இந்த வீட்டுல இடமில்லே" என்று கத்தினார். ரோஷத்தில் அவளும் அப்பாவுக்குத் தப்பிப் பிறக்கவில்லை. வேறு ஊரில் ஒரு வேலையைத் தேடிக்கொண்டு போயே போய்விட்டாள்.

மாறாத குரல் ஒன்றே ஒன்று, மனைவியுடையது. "காலைத் தூக்குங்க, பெருக்கணும்" என்று அன்றைக்கு எப்படி அதட்டினாளோ, இன்றைக்கும் அதே அதட்டல். அந்தக் குரலை நம்பித்தான் அவர் மராத்தான் ஓடத் துணிந்தார்.

அந்த அம்மாளுக்கு ரயில் நிலையத்தில் வேலை. பயணிகள் தவறவிட்ட பொருள்களை வைத்திருந்து கொடுக்கும் அறையில் உட்கார்ந்திருப்பாள். நாள் முழுக்க யாராவது வந்து, கண்ணெதிரே இல்லாத ஒன்றை அவளுக்கு விவரித்துக்கொண்டே இருப்பார்கள். பிடி உடைந்த குடை, ஒரு காது மட்டும் பிய்ந்த முயல் பொம்மை, உள்ளே நீலத் துணி தைத்த தோல் பை. கேட்டுக் கேட்டு அவளுக்கும் அந்தக் கலை வந்துவிட்டது.

ஓடும்போது இரண்டு பேர் கையிலும் ஒரே கயிற்றின் இரு முனைகள் இருக்கும். அவள் வழியைச் சொல்லிக்கொண்டே வருவாள். "பள்ளம். இப்ப மேடு. சாலை வளையுது." இதெல்லாம் சம்பளத்துக்குச் செய்யும் வேலை மாதிரி. அதற்கு நடுவே அவள் சொன்ன மற்றவைதான் அவருடைய விடியற்காலைகளை நிறைத்தன. பயிற்சிக்குப் போகும் சாலையில் தாழ்வான மதிலோடு ஒரு பெரிய தோட்டம். மதிலுக்கு மேலே கழுத்தை நீட்டிக்கொண்டு நிற்கும் வெள்ளைக் குதிரை. அதைத் தாண்டினால் ஒரு மாடி வீடு, பால்கனியில் கூந்தலை உலர்த்தும் ஒரு பெண். அடுத்த வீட்டு மொட்டை மாடியில் காற்றில் உப்பிய படுக்கை விரிப்புகள். தூக்கம் பாதி கலைந்தும் கலையாமலும் ஓடும் அந்த வேளையில், கனவுக்குள்ளேயே கால் வீசிப் போவதுபோல இருக்கும் அவருக்கு. குதிரைக்குச் சோம்பேறி என்று பெயர்கூட வைத்துவிட்டார்.

போன வாரம் அவள் முழங்கால் வீங்கிக்கொண்டது நினைவிருக்கும். பாதி தூரத்துக்கு மேல் ஓடக் கூடாது என்று மருத்துவர் கறாராகச் சொல்லிவிட்டார். அதனால் முதல் பாதிக்கு அவளுடைய தம்பி வருவதாக ஏற்பாடு. நிலம் அளக்கும் சர்வேயர் அவன். பள்ளம் மேடு எல்லாம் சொல்லச் சொல்லி அக்கா அவனுக்குப் பாடம் நடத்தினாள். குதிரையைப் பற்றிச் சொல்ல மறந்துவிட்டாள்.

"அத்தான், கயிறு இறுக்கமா இருக்கா?"

"சரியாத்தான் இருக்கு மாப்ளே. நீ மாட்டை ஓட்டற மாதிரி இழுக்காம வந்தா போதும்."

மராத்தான் தொடங்கத் துப்பாக்கி வெடித்தது. கூட்டம் அசைந்தது. முதலில் தள்ளுமுள்ளு, பிறகு தாளம். எங்கு திரும்பினாலும் காலடிச் சத்தம், ஓட்டுக் கூரையில் மழை பெய்வதுபோல. பனி முகத்தை ஈரமாகத் தடவியது. கண்ணுக்குள் இருந்த பால் வெளிச்சம் மெல்லப் பழுப்பாகி, மஞ்சளானது. சூரியன் எழுந்துவிட்டான் என்று புரிந்துகொண்டார். உடம்பே இல்லாமல் மிதப்பதுபோல இருந்தது. இந்தச் சுகத்துக்காகத்தானே இத்தனை பாடும் என்று நினைத்தார்.

சாலை இடது பக்கம் வளைந்தது. ஈரச் சாக்கின் வாசனை அடித்தது. பயிற்சிக்கு வரும் அதே சாலை. அது குதிரைக்குப் போட்ட வைக்கோல் வாசனை என்று மனைவி சொல்லியிருந்தாள். தேயிலையில் எள்ளளவு கலப்படத்தைக் கண்டுபிடிக்கிற மூக்கு, சாக்கு வாசனையை வைக்கோல் என்று இத்தனை மாதமாக நம்பியிருக்கிறது. அன்பு வந்துவிட்டால் மூக்குக்கும் புத்தி மட்டுதான்.

"மாப்ளே, குதிரை நிக்குதா பாரு."

"எந்தக் குதிரை?"

"அதான்பா, மதில் மேல தலையை நீட்டிக்கிட்டு நிக்குமே, வெள்ளையா!"

மச்சினன் சர்வேயர். எதையும் நன்றாகப் பார்த்துவிட்டுத்தான் பதில் சொல்லுவான். நன்றாகவே பார்த்தான்.

"அத்தான், மதில் ரெண்டாள் உயரம் இருக்கு. மேல கண்ணாடிச் சில்லு வேற பதிச்சிருக்காங்க. குதிரை தலையை நீட்டணும்னா ஏணி போட்டுத்தான் ஏறணும்."

"அதுக்கப்புறம் ஒரு பால்கனி வீடு…"

"வீடா? எல்லாம் கிடங்கு அத்தான். ஒண்ணுக்கும் ஜன்னல்கூட கிடையாது."

ருசிக்காரரின் கால்கள் தாமாகவே நின்றுவிட்டன. பின்னால் வந்த யாரோ அவர் தோளில் இடித்துக்கொண்டு விலகினார்கள். "பார்த்துங்க, பாவம், கண்ணு தெரியாதவர்" என்று ஒரு பெண் குரல் சொல்லிக்கொண்டே கடந்து போனது.

அந்தச் சொல் அவரைச் சுட்டது. மறுபடி ஓடத் தொடங்கினார். ஆனால் உடம்பு கனத்துப்போயிருந்தது.

முன்பு ஒரு வாரம் குதிரையைக் காணோம் என்று மனைவி சொல்லியிருந்தாள். லாடம் அடிக்கக் கொண்டுபோயிருப்பார்கள் என்றாள். அந்த வாரம் முழுக்க அவர் தவித்தார். கம்பெனியிலும் சொல்லிப் புலம்பினார். "உங்க குதிரை வந்துடுச்சா சார்?" என்று கோப்பை கழுவுகிறவர் தினமும் கேட்டார். அந்த மனிதருக்கு வீடே இந்தச் சாலைக்குப் பக்கத்தில்தான். இங்கே குதிரை கிடையாது என்று அவருக்குத் தெரியாமலா இருக்கும்? தெரிந்தும் கேட்டிருக்கிறார், அதுவும் அந்த இழைந்த குரலில். ஊரே கூடி நின்று தன்னைத் தட்டிக்கொடுத்திருக்கிறது. ஆரம்பித்து வைத்தவள் வீட்டுக்காரி.

நீயுமா, என்று மனசுக்குள் கேட்டார்.

"அக்கா ஏதாவது சொல்லியிருந்தாளா அத்தான்?" மச்சினன் மென்று விழுங்கினான். "எனக்குத் தெரியாது அத்தான். நான் பாட்டுக்கு உளறிட்டேன்."

"நீ உள்ளதைத்தானே சொன்னே. ஓடு."

அதற்குப் பிறகு அவன் பள்ளத்துக்கும் மேட்டுக்கும் மட்டுமே வாயைத் திறந்தான்.

பாதி தூரத்தில் ஆள் மாற்றிக்கொள்ள ஓர் இடம் விட்டிருந்தார்கள். மனைவி தண்ணீர் பாட்டிலோடு தயாராக நின்றாள். அவர் வாயைத் துடைத்துவிட்டாள், கயிற்றை வாங்கிக்கொண்டாள்.

"என்னாச்சு? மூஞ்சி ஏன் உர்ருன்னு இருக்கு?"

"அக்கா… குதிரை…" என்றான் தம்பி. சொன்னவன் அங்கே நிற்கவில்லை. தண்ணீர் குடிக்கப் போகிற சாக்கில் நழுவியே விட்டான்.

இருவரும் ஓடத் தொடங்கினார்கள். கடைத்தெரு போலிருந்தது, யாரோ நிதானமாகக் கைதட்டினார்கள். அவர்கள் கல்யாண வாழ்க்கையில் இத்தனை நேரம் அவள் பேசாமல் இருந்ததே இல்லை. நிலைமை அவ்வளவு மோசம்.

"இனிமே உள்ளதை மட்டும் சொல்லு" என்றார் கடைசியில். "இல்லேன்னா ஒண்ணும் சொல்லாதே."

"சரி."

"வலது பக்கம் என்ன இருக்கு?"

"குப்பைத் தொட்டி. ரொம்பி வழியுது."

"இடது பக்கம்?"

"மூடின கடை. ஷட்டர் பூரா துரு."

"என் தலை?"

"நரைச்சிருக்கு."

"கொஞ்சம்தான் நரைன்னு சொன்னியே?"

"கொஞ்சம்தான் கறுப்பு."

வேறு நாளாக இருந்தால் சிரித்திருப்பார். இன்றைக்குச் சிரிப்பு வரவில்லை. மகளை வீட்டைவிட்டு அனுப்பிய அதே கோபம் மறுபடி கிளம்புவது அவருக்கே தெரிந்தது. அன்றைக்குக் கதவைச் சாத்திவிட்டு உட்கார இடம் இருந்தது. இன்றைக்குக் கயிற்றை உதறினால் நடுத்தெருவில் நிற்க வேண்டியதுதான். இருந்தும் உதறத்தான் கை பரபரத்தது.

"எதுக்காக அப்படிச் சொன்னே? கண்ணு இல்லாதவனுக்கு ஏதாவது வேடிக்கை காட்டணுமேன்னா? நீயும் என்னைப் பார்த்துப் பாவப்பட ஆரம்பிச்சுட்டியா?"

"பாவமா!" என்றாள் அவள். அந்தக் கூச்சலில் முன்னால் ஓடியவர் திரும்பியிருக்க வேண்டும், ஒரு காலடித் தாளம் தடுமாறியது. "யாருக்கு யாரு பாவம்? எனக்குத்தாங்க பாவம்! உங்களுக்கு என்ன, அந்த மதில் தெரியாது. நான் பார்த்தாகணும்! விடியறதுக்குள்ள எழுந்து, கண்ணைக் கசக்கிக்கிட்டு, அந்தப் பாசி பிடிச்ச மதிலையே பார்த்துக்கிட்டு ஓடணும். முதல் வாரமே வெறுத்துப்போச்சு. போதும், வீட்டுக்குப் போகலாம்னு சொல்லத்தான் ஒருநாள் வாயைத் திறந்தேன். அதுக்குப் பதிலா குதிரைன்னு வந்துடுச்சு."

அவர் கயிற்றை உதறாமல் ஓடினார்.

"சொன்னதும் எனக்கே கொஞ்சம் நல்லா இருந்துச்சு" என்றாள், குரல் தணிந்து. "மறுநாள் அது என்ன பண்ணும்னு யோசிச்சுக்கிட்டேதான் படுக்கையை விட்டு எழுந்தேன். அந்தப் பொண்ணு தலை உலர்த்தறது, துணி காயறது, எல்லாம் எனக்காகத்தான். எனக்கு ஓட்டமே பிடிக்காதுங்க."

"பிடிக்காதா?"

"அறவே பிடிக்காது. வேர்வை பிடிக்காது, இந்த ஷூ பிடிக்காது, விடியற்காலையே பிடிக்காது."

"அப்ப ஏன் ஓடறே?"

"நீங்க ஓடறீங்களே. வேற யாரு வருவா?"

குழம்பில் உப்பு பார்த்துச் சொல்வதுபோல, சாதாரணமாகத்தான் சொன்னாள். அவருக்கு அது போதுமாக இருந்தது. சிரிப்பு குபுகுபுவென்று வந்தது. பத்து மாதமாகத் தன்னைத் தூங்க வைக்கப் பாடிய தாலாட்டு என்று நினைத்து நொந்தாரே, அவள் தன் அலுப்புக்குத் தானே பாடிக்கொண்ட பாட்டு அது. அவரை யாரும் தட்டிக்கொடுக்கவில்லை. பக்கத்தில் ஒருத்தி பல்லைக் கடித்துக்கொண்டு ஓடியிருக்கிறாள், அவ்வளவுதான். இத்தனை பெரிய மரியாதையை அவருக்கு யாரும் செய்ததில்லை.

"சிரிக்காதீங்க, மூச்சு போயிடும்."

"அந்த வாரம் குதிரை எங்கே போச்சு? நான் தவிச்சேனே!"

"எனக்கு இருமல். புதுசா ஒண்ணும் தோணலை. லாடத்துக்கு அனுப்பிட்டேன்."

மறுபடியும் சிரித்தார். வெயில் ஏறியது. பால் வெளிச்சம் தங்க நிறமாகி அவரைச் சுற்றி மிதந்தது. பாலத்தின் மேல் ஏறிவிட்டார்கள் போல, கீழே எங்கோ தண்ணீர் சலசலத்தது. கால் எங்கே, தரை எங்கே என்று தெரியாத லேசான மயக்கம். அந்த மயக்கத்தில்தான், விளையாட்டுக்குக் கேட்பதுபோல, கேட்டார்.

"வேற எதெல்லாம் இப்படிச் சொல்லியிருக்கே?"

கயிறு அவள் பக்கம் லேசாக இறுகியது.

"சொல்லேன். இன்னிக்குத்தான் எல்லாத்தையும் சொல்ற நாளாச்சே."

"பொண்ணு போன் பண்ணினான்னு சொல்வேனே…"

"ஆமா. ஞாயித்துக்கிழமைன்னா நான் குளிக்கப் போனதும் கூப்பிடுவா."

"கூப்பிடலைங்க. ஒரு தடவைகூட."

ருசிக்காரர் அப்படியே நின்றுவிடுவார் என்றுதான் அவள் நினைத்தாள். அவர் நிற்கவில்லை. நின்றால் விழுந்துவிடுவோம் என்று தோன்றியது அவருக்கு.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் வேண்டுமென்றே நிதானமாகக் குளிப்பார். தண்ணீர் ஆறிப்போன பிறகும் குளியலறையிலேயே நிற்பார். அம்மாவும் மகளும் மனசு விட்டுப் பேசட்டும், நடுவில் நாம் போய் நிற்க வேண்டாம் என்று. ஈரத் துண்டோடு வெளியே வந்ததும், "உங்களை விசாரிச்சா" என்று அவள் சொல்வதைக் காதில் வாங்காதவர் மாதிரி தலையைத் துவட்டுவார். அந்த வாரத்துக்கு அது போதும். அடுத்த ஞாயிறு வரை தாங்கும்.

"அதுவும் எனக்காகத்தான்னு வெச்சுக்கங்களேன்" என்றாள் அவள். மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. "சொல்லும்போது நிஜமாவே கூப்பிட்ட மாதிரி இருக்கும். கொஞ்ச நேரத்துக்கு."

"நீ கூப்பிட்டிருக்கலாமே?"

"கூப்பிட்டு என்னன்னு சொல்றது? நீங்க அவளை வெளியே போகச் சொன்ன வீட்டுக்கு நான் எப்படி வான்னு கூப்பிடுவேன்?"

அவள் குற்றமாகச் சொல்லவில்லை. இருப்பதைச் சொன்னாள். உள்ளதை மட்டும் சொல்லு என்று கேட்டு வாங்கிக்கொண்டவர் அவர்தானே. தேயிலையில் கசப்பைப் பிரித்தெடுத்துப் பெயர் சொல்லத் தெரிந்த மனுஷனுக்கு, இந்தக் கசப்பு யாருடையது என்று கண்டுபிடிக்கச் சிரமமாக இல்லை. அவருக்கு அழுகை வந்தது. வெட்கமில்லாமல் அழுதுகொண்டே ஓடினார். ஓடுகிறவர்கள் எல்லோர் முகமும் நனைந்துதான் இருக்கும், யார் கண்டார்கள்.

பாலம் இறங்கியது. அவள் முழங்கால் வலிக்கத் தொடங்கிவிட்டது என்று காலடி மாறியதிலேயே தெரிந்துகொண்டு அவரும் வேகத்தைக் குறைத்தார்.

"போனை எடு" என்றார்.

"இப்பவா? ஓடி முடிச்சுட்டு நிதானமாப் பேசலாமே!"

"முடிச்சுட்டா எனக்குத் தைரியம் போயிடும்."

இடுப்புப் பையிலிருந்து எடுத்து அழுத்தினாள். ஒலிபெருக்கியில் போட்டு அவர் முகத்துக்கு நேரே பிடித்தாள். மணி அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்க மாட்டாள் என்று இருவரும் தனித்தனியாக முடிவுக்கு வந்த பிறகு, சத்தம் நின்றது.

"அம்மா?"

"அம்மா இல்லேம்மா. நான்."

அந்தப் பக்கம் மூச்சுகூடக் கேட்கவில்லை. இந்தப் பக்கம் மூச்சைத் தவிர வேறெதுவும் கேட்கவில்லை.

"என்னப்பா ஆச்சு? ஏன் இப்படி இரைக்குது? ஆஸ்பத்திரியில இருக்கீங்களா?"

"இல்லே. ஓடிக்கிட்டிருக்கேன்."

"ஓடறீங்களா? யாரு துரத்தறா?"

"யாரும் துரத்தலை. மராத்தான். உங்கம்மாதான் என்னை ஓட்டிக்கிட்டு வர்றா. பத்து மாசமா ஓடறா. அவளுக்கு ஓட்டமே பிடிக்காதாம், இன்னிக்குத்தான் தெரிஞ்சுது."

"அம்மாவா? பஸ்ஸுக்கே ஓட மாட்டாங்களே!"

மனைவி விசும்பலும் சிரிப்புமாக ஏதோ ஒரு சத்தம் போட்டாள். ருசிக்காரர் எச்சிலை விழுங்கினார். மூச்சு போதவில்லை, சொற்களைத் துண்டு துண்டாகத்தான் கொடுக்க முடிந்தது.

"அன்னிக்கு… நான் உன்னைப் போகச் சொன்னது தப்பு. உனக்கு என் மேல பிரியம் இருந்துச்சு. எனக்கு அது பாவம்னு மட்டும்தான் காதுல விழுந்துச்சு. தப்பு என்னோடதும்மா."

தொடர்பு அறுந்துவிட்டதோ என்று மனைவி போனைத் தன் பக்கம் திருப்பிப் பார்த்தாள். அறுந்திருக்கவில்லை.

"அப்பா" என்றாள் மகள். "உங்ககிட்ட நானும் ஒண்ணு சொல்லணும். ரொம்ப நாளா சொல்லணும் சொல்லணும்னு…"

"சொல்லும்மா."

"இப்ப இல்லே. முதல்ல ஓடி முடிங்க."

"பரவாயில்லே, ஓடிக்கிட்டே கேக்கறேன், சொல்லு. நல்ல விஷயமா? உடம்பு நல்லாத்தானே இருக்கு?"

"சொல்றேன்ல? பேசிக்கிட்டே ஓடினா மூச்சு என்னத்துக்கு ஆகும்? முடிச்சுட்டுக் கூப்பிடுங்க. நடுவுல எங்கேயாவது உக்காந்தீங்கன்னா நான் சொல்லவே மாட்டேன். வாயை மூடிக்கிட்டு ஓடுங்கப்பா!"

டக்கென்று வைத்துவிட்டாள்.

அந்தக் குரலில் இழைவு கிடையாது, பஞ்சு கிடையாது, காய்ச்சல்காரக் குழந்தையிடம் பேசுகிற குழைவு மருந்துக்கும் கிடையாது. அசல் அதட்டல். பார்வை போன நாளிலிருந்து மகளிடமிருந்து அவர் கேட்காத அதட்டல்.

"திட்டிட்டா" என்றார் மனைவியிடம். பரிசு வாங்கியவர் சொல்வதுபோல இருந்தது.

"நல்லா வேணும்" என்றாள் அவள், மூக்கைத் துடைத்துக்கொண்டு.

"இன்னும் எவ்வளவு தூரம் இருக்கு?"

அவள் ஒரு கணம் தயங்கினாள். முன்னால் சாலை நீண்டு கிடந்தது, முடிவுக் கோடு எங்கும் தென்படவில்லை.

"நிறைய இருக்குங்க" என்றாள். இருவரும் ஓடினார்கள்.